எங்கே சுத்தினாலும் 6174தான்... பள்ளி ஆசிரியர் கப்ரேக்கர் கண்டுபிடித்த எண் ரகசியம்!

ஒரு பேனாவும் துண்டுப் பேப்பரும் எடுத்துக்கோங்க. நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்றை எழுதுங்க. நான்கு இலக்கமும் ஒன்றாகவே (1111, 2222 மாதிரி) இருக்கக் கூடாது. நிபந்தனை அவ்ளோதான்.

இப்போ அந்த நான்கு இலக்கங்களையும் இறங்கு வரிசையில் அடுக்குங்க, ஒரு எண் கிடைக்கும். ஏறு வரிசையில் அடுக்குங்க, இன்னொரு எண் கிடைக்கும். பெரியதிலிருந்து சின்னதைக் கழிங்க. வந்த விடையை வைத்து மறுபடியும் இதையே செய்யுங்க.

அதிகபட்சம் ஏழே ஏழு முறை. அதற்குள் நீங்க 6174 என்ற எண்ணில் வந்து நிற்பீங்க. அதன் பிறகு எத்தனை தடவை கழித்தாலும் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஏன்னா 7641-லிருந்து 1467-ஐக் கழித்தால் திரும்பவும் 6174தான் வரும். எங்கே சுற்றியும் ரங்கனைச் சேவி என்று சொல்வார்களே, அந்தக் கதைதான்.

இதைக் கண்டுபிடித்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. மகாராஷ்டிராவில் ஒரு சின்ன ஊரில் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். பெயர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். இப்போது என்சிஇஆர்டி-யின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இவர் பெயரும் 6174-ம் இடம்பிடித்திருக்கின்றன. ஆனால், அவர் உயிரோடு இருந்த காலத்தில் பெரும்பகுதி, இதெல்லாம் ஒரு கணக்கா என்ற கேள்வியைத்தான் அவர் சந்திக்க வேண்டியிருந்தது.

யார் அவர்? அவர் செய்தது விளையாட்டா, கணிதமா? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கப்ரேக்கர்?

1905-ம் ஆண்டு ஜனவரி 17-ம் தேதி, மும்பைக்கு வடக்கே உள்ள தஹாணுவில் பிறந்தார் கப்ரேக்கர். எட்டு வயதிலேயே தாயை இழந்தார். வளர்த்தது அப்பாதான். அவர் ஒரு குமாஸ்தா. ஜோதிடத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். ஜாதகம் கணிக்கணும்னா ஓயாமல் கூட்டணும், கழிக்கணும், வகுக்கணும். மகனுக்கு ஜோதிடம் ஒட்டியதோ இல்லையோ, எண்களோடு மல்லுக்கட்டும் பழக்கம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பள்ளிப்படிப்பு தானேயில். பிறகு புனேயின் புகழ்பெற்ற ஃபெர்குசன் கல்லூரி. அங்கே படிக்கும்போதே, 1927-ல், சொந்தமாகச் செய்த கணித ஆய்வுக்காக 'ராங்லர்' பராஞ்பே கணிதப் பரிசை வென்றார். பராஞ்பே யார் தெரியுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் முதலிடம் பிடித்து 'சீனியர் ராங்லர்' பட்டம் பெற்ற முதல் இந்தியர். அவர் பெயரிலான பரிசு என்பது அன்றைக்கு சாதாரண விஷயம் இல்லை.

1929-ல் பி.எஸ்சி. முடித்தார். அவ்ளோதான் அவருடைய கல்லூரிப் படிப்பு. முதுகலையும் படிக்கவில்லை, முனைவர் பட்டமும் வாங்கவில்லை. ஆராய்ச்சி செய்வதற்கான முறையான பயிற்சி எதுவுமே அவருக்குக் கிடைக்கவில்லை.

1930-ல் நாசிக் அருகே உள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். 1962-ல் ஓய்வு பெறும் வரை, 32 ஆண்டுகள் அதே வேலைதான். பகலில் பாடம், மற்ற நேரமெல்லாம் எண்கள். கணித மாநாடு நடந்தால் தன் சொந்தச் செலவில் கிளம்பிப் போவார். தான் கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பி, மறுபடியும் பாடம் எடுக்கப் போய்விடுவார்.

சென்னையில் அறிவிக்கப்பட்ட எண்!

6174-க்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த எண்ணின் குணத்தை கப்ரேக்கர் அறிவித்தது 1949-ல் மெட்ராஸில் நடந்த கணித மாநாட்டில்தான். அதன் பிறகு 1950-களில், எண் விநோதங்களுக்கும் இடம் கொடுத்த 'ஸ்க்ரிப்டா மேதமேடிகா' என்ற அமெரிக்க இதழில் இது பற்றி எழுதினார்.

அந்த 1949-ஐயே எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா?

9941 - 1499 = 8442
8442 - 2448 = 5994
9954 - 4599 = 5355
5553 - 3555 = 1998
9981 - 1899 = 8082
8820 - 0288 = 8532
8532 - 2358 = 6174

சரியாக ஏழு படி. அவர் பிறந்த 1905-ஐப் போட்டாலும் ஏழாவது படியில்தான் 6174 வரும். உங்க பிறந்த வருஷத்தைப் போட்டுப் பாருங்க, எத்தனை படி வருதுன்னு. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்கணும். விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து நான்கு இலக்கமாகவே வைத்துக்கொள்ளுங்க. உதாரணத்துக்கு 1000-ல் தொடங்கினால் முதல் விடை 999. அதை 0999 என்று எடுத்துக்கிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகணும்.

மூன்று இலக்க எண்ணுக்கும் இதே மாதிரி ஒரு முடிவிடம் இருக்கு. அது 495. இரண்டு இலக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. 9, 81, 63, 27, 45, மறுபடியும் 9 என்று செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ஐந்து இலக்கத்திலும் ஒரே முடிவிடம் இல்லை, சுழல்கள்தான். 6174-க்கு 'கப்ரேக்கர் மாறிலி' என்று பெயர் வந்தது இதனால்தான்.

ஏன் 6174-ல் வந்து நிற்கிறது?

மேஜிக் மாதிரித் தெரிந்தாலும் இதில் மேஜிக் எதுவும் இல்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும் இடமதிப்பு தெரிந்தால் போதும்.

முதல் கழித்தலைப் பாருங்க: 9941 - 1499. மேல் எண்ணில் ஆயிரம் இடத்தில் இருக்கும் பெரிய இலக்கம், கீழ் எண்ணில் ஒன்றாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. சின்ன இலக்கம் அதற்கு நேர்மாறாகப் போகிறது. 1000-லிருந்து 1 போனால் 999. ஆக, பெரிய இலக்கத்துக்கும் சின்ன இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆல் பெருக்கினால் விடையின் ஒரு பங்கு கிடைத்துவிடும். இங்கே 9 - 1 = 8. எனவே 8 × 999 = 7992.

நடுவில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இடையில் மாறிக்கொள்கின்றன. 100-லிருந்து 10 போனால் 90. நடு இலக்கங்கள் 9, 4. வித்தியாசம் 5. எனவே 5 × 90 = 450. இரண்டையும் கூட்டினால் 8442. மேலே நாம் கழித்துப் பார்த்த அதே விடை!

அதாவது, நீங்க எந்த எண்ணை எடுத்தீங்க என்பது முக்கியமே இல்லை. இரண்டே இரண்டு வித்தியாசங்கள்தான் விடையைத் தீர்மானிக்கின்றன. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது, 0-ல் தொடங்கி முதல் வித்தியாசத்தைத் தாண்டாமல் இருக்கும். எண்ணிப் பார்த்தால், முதல் வித்தியாசம் 1 என்றால் 2 வாய்ப்பு, 2 என்றால் 3 வாய்ப்பு... இப்படியே போய் 9 என்றால் 10 வாய்ப்பு. 2-லிருந்து 10 வரை கூட்டினால் 54.

இங்கேதான் விஷயம் இருக்கு. இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒன்பது எண்களை விட்டுவிட்டால், நான்கு இலக்க எண்கள் மொத்தம் 8991. அத்தனையும் முதல் கழித்தலிலேயே வெறும் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த 54-ஐயும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது ஒரு மதிய நேர வேலை. எல்லாமே 6174-க்குப் போகின்றன என்பது அப்போது உறுதியாகிவிடும். கம்ப்யூட்டரே தேவையில்லை.

கூடவே இன்னொன்றும் தெரியவரும். 999, 90 இரண்டுமே 9-ன் மடங்குகள். அதனால் வழியில் வரும் ஒவ்வொரு விடையும் 9-ஆல் வகுபடும். 6174-ன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்க: 6 + 1 + 7 + 4 = 18. சரியா வருதா?

2025-ன் ரகசியம் தெரியுமா?

2025-ம் ஆண்டு பிறந்தபோது, 45-ன் வர்க்கம் 2025 என்பதைப் பலரும் சமூக வலைதளங்களில் பகிர்ந்தார்கள். 20-ஐயும் 25-ஐயும் கூட்டினால் திரும்பவும் 45! இப்படி ஒரு எண்ணின் வர்க்கத்தை இரண்டாக வெட்டிக் கூட்டினால் அதே எண் வந்தால், அதற்குப் பெயர் 'கப்ரேக்கர் எண்'.

9-ன் வர்க்கம் 81; 8 + 1 = 9. 55-ன் வர்க்கம் 3025; 30 + 25 = 55. 99-ன் வர்க்கம் 9801; 98 + 01 = 99. மூன்று இலக்கத்தில் 297, 703 போன்றவை. 703-ன் வர்க்கம் 494209; 494 + 209 = 703.

இரண்டு இலக்கத்தில் 45, 55, 99 என்று மூன்றே எண்கள்தான் இப்படி இருக்கின்றன. ஏன் மூன்று மட்டும்? 2025 என்பது 20 நூறுகளும் ஒரு 25-ம். அதிலிருந்து 45-ஐ, அதாவது 20 + 25-ஐக் கழித்தால் 25 அடிபட்டுப் போகும். 20 நூறுகளிலிருந்து ஒரு 20 குறையும். மிச்சம் 20 × 99. இன்னொரு பக்கம், 45 × 45-லிருந்து 45-ஐக் கழித்தால் 45 × 44. ஆக, 45 × 44 என்பது 99-ஆல் மீதியின்றி வகுபடுகிறது.

இரண்டு இலக்கக் கப்ரேக்கர் எண் எதுவாக இருந்தாலும் இந்த விதி பொருந்தியே ஆகணும். அந்த எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணையும் பெருக்கினால் 99-ன் மடங்கு வரணும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணி கிடையாது. 99 என்பது 9 × 11. எனவே 9 முழுசாக ஏதாவது ஒரு எண்ணில்தான் இருக்க முடியும். 11-ம் அப்படித்தான். 45-ல் 9, 44-ல் 11 என்பது ஒரு வழி. 55-ல் 11, 54-ல் 9 என்பது இரண்டாவது வழி. இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணில் இருந்தால் அது 99. இதைத் தவிர வேறு வழியே இல்லை. அதனால்தான் மூன்று மட்டும்.

ரயில் நிலையத்தில் பிறந்த எண்கள்

கப்ரேக்கர் எண்களுக்குப் பெயர் வைப்பதிலும் கில்லாடி. மும்பை அருகே டோம்பிவ்லி ஸ்டேஷனில் ரயில் மாறும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அதில் வந்த எண்களுக்கு அந்த ஊரின் நினைவாகவே 'டெம்லோ எண்கள்' என்று பெயர் வைத்துவிட்டார். 11-ன் வர்க்கம் 121, 111-ன் வர்க்கம் 12321, 1111-ன் வர்க்கம் 1234321 என்று கோபுரம் மாதிரி ஏறி இறங்கும் எண்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு 'ஹர்ஷத்' என்று பெயர் வைத்தார். சம்ஸ்கிருதத்தில் மகிழ்ச்சி தருவது என்று அர்த்தம். 12-ஐ 3-ஆல் வகுக்கலாம், 18-ஐ 9-ஆல் வகுக்கலாம். நம்ம ராமானுஜன் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் 1729-ம் ஒரு ஹர்ஷத் எண்தான். 1 + 7 + 2 + 9 = 19. 1729-ஐ 19-ஆல் வகுத்தால் 91. 19-ஐத் திருப்பிப் போட்டால் 91!

இன்னொரு வகை, சுய எண்கள். தேவ்லாலி எண்கள் என்றும் சொல்வாங்க. ஒரு எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் அடுத்த எண் பிறக்கும். 21 + 2 + 1 = 24. ஆக, 24-க்குத் தாய் 21. சில எண்களுக்கு இரண்டு தாய்கூட உண்டு. 101-ஐ எடுத்துக்கோங்க, 100-லிருந்தும் வரும், 91-லிருந்தும் வரும். ஆனால் 20, 31, 42, 53 போன்ற எண்களுக்குத் தாயே கிடையாது. எந்த எண்ணை எடுத்து அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் இவை வராது. கோயில்களில் சுயம்பு லிங்கம் என்கிறோமே, அது மாதிரி இவை சுயம்பு எண்கள். 1996, 2007 இரண்டுமே இந்த வகைதான். அந்த வருஷத்தில் பிறந்தவங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஏன் கண்டுகொள்ளப்படவில்லை?

இவ்வளவு செய்தும், இந்தியக் கணித வட்டாரத்தில் அவருக்குப் பெரிய வரவேற்பு இல்லை. முக்கியமான ஆய்வு இதழ்களின் கதவு திறக்கவில்லை. கிடைத்த சின்ன இதழ்களில் எழுதினார். மற்றதைத் தானே புத்தகங்களாக அச்சிட்டார். சுய எண்கள் பற்றிய புத்தகத்தை 1963-ல் தேவ்லாலியிலிருந்து அவரே வெளியிட்டார்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நியாயமாகப் பார்க்கணும். எண் என்பது ஒன்று, அதை எழுதும் முறை வேறு. 17 ஒரு பகா எண் என்பது எந்த முறையில் எழுதினாலும் மாறாது. ஆனால் 6174-ன் குணம், நாம் பத்தின் அடிப்படையில் எண்களை எழுதுவதால் வருவது. கம்ப்யூட்டர் மாதிரி 0, 1 மட்டும் வைத்து எழுதினால் இந்தக் கதையே மாறிவிடும். எனவே இது எண்ணின் ஆழமான உண்மை இல்லை, எழுத்தின் விளையாட்டு என்பது பல கணித அறிஞர்களின் எண்ணம்.

ராமானுஜனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ஹார்டியே அந்தப் பக்கம்தான் நின்றார். தன்னைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்காக வரும் 8712, 9801 போன்ற எண்களை 1940-ல் வெளியான தன் புத்தகத்தில் உதாரணம் காட்டினார். புதிர்ப் பகுதிக்கு இவை சரி, கணித அறிஞரைக் கவர இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது அவர் கருத்து. 2178-ஐ 4-ஆல் பெருக்கினால் 8712, 1089-ஐ 9-ஆல் பெருக்கினால் 9801. ஹார்டி காட்டிய 9801, மேலே நாம் பார்த்த 99-ன் வர்க்கமேதான்!

ஹார்டியின் வாதத்தில் நியாயம் இருக்கு. ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. விநோதத்தைப் பார்த்து ரசித்துவிட்டு நகர்ந்தால் அது விளையாட்டு. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால், 45-க்கும் 55-க்கும் பின்னால் காரணிகள் நிற்பது தெரிகிறது. 2000-ல் டக்ளஸ் இயானுச்சி என்ற கணித ஆய்வாளர், எல்லா கப்ரேக்கர் எண்களுமே 9, 99, 999 போன்ற எண்களின் காரணிகளோடு தொடர்புடையவை என்று காட்டினார். நாம் 99-ஐ 9, 11 என்று பிரித்துப் பார்த்ததன் பெரிய வடிவம்தான் அது. பகுப்பதும், காரணிகளைப் பார்ப்பதும் எண் கோட்பாட்டின் அடித்தளம். பத்தின் அடிப்படைக்குப் பதிலாக வேறு அடிப்படைகளில் கப்ரேக்கரின் கழித்தல் எங்கே போய் நிற்கும் என்றும் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்.

70 வயதில் வந்த வெளிச்சம்

1962-ல் ஓய்வு. 1966-ல் மனைவி இறந்துபோனார். எளிமையாக வாழ்ந்தவர்தான், ஆனாலும் வந்த பென்ஷன் அவர் ஒருவருக்கே போதவில்லை. மாணவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது.

1975 மார்ச்சில் திருப்பம் வந்தது. அமெரிக்காவின் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதி உலகப் புகழ் பெற்றது. கணித அறிஞர்களும் பள்ளி மாணவர்களும் ஒன்றாகப் படித்த பகுதி அது. அதில் கப்ரேக்கரையும் அவரது எண்களையும் கார்ட்னர் அறிமுகப்படுத்தினார். தேவ்லாலி என்ற ஊரின் பெயர் உலகமெங்கும் எண் பிரியர்களுக்குத் தெரியவந்தது. அப்போது கப்ரேக்கருக்கு வயது 70.

1986-ல் அதே தேவ்லாலியில் அவர் காலமானார்.

மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கு?

கணிதத்தில் புதுசாக ஒன்றைக் கண்டுபிடிக்க பெரிய பட்டமும் ஆய்வுக்கூடமும் வேணும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கு. கப்ரேக்கரிடம் இருந்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அப்புறம் நிறைய பொறுமை. வாசல்வரை போய் நின்ற விஷயங்கள் சிலவற்றை, காரணம் கண்டுபிடித்து உள்ளே கொண்டுபோனவர்கள் பின்னால் வந்தவர்கள். ஆனால் கவனித்தவர் அவர்தான். கவனிக்க ஆள் இல்லை என்றால் காரணம் தேடவும் ஆள் இருக்க மாட்டாங்க.

கணக்கு வாத்தியார்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு எண் கொடுங்க. 40 பேரும் 40 வழியில் கழித்து, கடைசியில் ஒரே எண்ணில் வந்து நிற்பாங்க. அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து ஏன் சார் என்று ஒரு கேள்வி வரும். பாடத்தை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.